யாருக்காக நம் மனம் துடிக்கிறது?

2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான அமெரிக்கத் தொடர் ‘பிரேக்கிங் பேட்’. புற்றுநோய் கண்ட வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் தயாரிக்கிறார். அவர் பிடிபடக் கூடாதே என்று பார்ப்பவர் மனம் துடிக்கிறது. தட்டிக்கேட்ட மனைவி ஸ்கைலரையோ பலர் வெறுத்தார்கள். அவ்வேடமேற்ற நடிகை அன்னா கன்னையும் வசைபாடினார்கள்.

ஏன்? கதை பெரும்பாலும் அவர் கண்வழியே நகர்கிறது. அவருடைய அச்சம் நமக்குத் தெரிகிறது. அந்தப் போதையால் சீரழிந்த வீடுகள் அதிகம் தெரிவதில்லை.

பாவிக்கு இரங்குவது வேறு, பாவத்துக்கு உடன்படுவது வேறு. இறுதி அத்தியாயத்தில், எல்லாம் தனக்காகவே செய்ததாக வால்டரே மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார். அவருக்காக நாம் சொல்லிவந்த சாக்கை அவரே கைவிடுகிறார்.

அடுத்தமுறை தொடர் பார்க்கையில் கேளுங்கள்: இவரால் அழுதவர்கள் யார்? நம் வீட்டில் தவறைத் தட்டிக்கேட்பவரை நாம் எப்படி நடத்துகிறோம்? ஆமென்.