மோட்டாரா, காரா? தோட்டத்துப் பிள்ளைகளின் மாதக் கணக்கு

மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து பத்து பெரெண்டாம், ஆயர் குரோ, செங் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் சம்பளம் கைக்கு வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மோட்டாரே போதுமா, தவணையில் ஒரு காடி எடுத்துவிடலாமா? "மழையில நனைஞ்சுக்கிட்டு எத்தன நாளைக்குய்யா போவ?" என்று வீட்டில் அம்மா கேட்பார். "மாசம் நானூத்துச் சொச்சம்தான் தம்பி" என்று கார் விற்பவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் முழுக் கணக்கை இருவருமே சொல்வதில்லை.

முதலில் எண்ணெய்ச் செலவைப் பார்ப்போம். ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ மலாக்கா நகருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். போக வர 50. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,300 கிலோமீட்டர். ஒழுங்காகப் பராமரித்த 110 சிசி காப்சாய் மோட்டார் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும். மைவி போன்ற சிறிய கார், ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு விளக்கு நின்று நின்று போனால் 16 கிடைத்தாலே நல்லது. மோட்டாருக்கு மாதம் 26 லிட்டர், காருக்கு 81 லிட்டர். லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்ற உதவித்தொகை விலையில் மோட்டாருக்கு 52 வெள்ளி, காருக்கு 162 வெள்ளி ஆகிறது.

இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் எடை. காப்சாய் சுமார் 100 கிலோ, கார் சுமார் ஒரு டன். ஆலைக்குப் போகும் ஆள் ஒருவர்தான் என்றாலும், அவரோடு அந்த ஒரு டன்னையும் இயந்திரம் இழுத்தாக வேண்டும். ஆனால் அலோர் காஜா, மலாக்கா, ஜாசினை இணைக்கும் ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் கைப்பிடியை முழுக்க முறுக்கிக்கொண்டு பறந்தால் மோட்டாரும் இந்தக் கணக்கில் நிற்காது. சின்ன இயந்திரத்தை அதன் உச்சத்தில் ஓட்டும்போது லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் சட்டென்று குறையும்.

இந்த 1 வெள்ளி 99 காசு எல்லாருக்குமான விலை அல்ல. 2025 செப்டம்பர் 30 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த 'புடி 95' திட்டத்தில், மைகாட் வைத்திருக்கும் குடிமக்கள், அதிலும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ளவர்கள்தான் இந்த விலையில் ஊற்றலாம். மற்றவர்களுக்குத் திட்டம் தொடங்கியபோது லிட்டர் 2 வெள்ளி 60 காசு. தோட்டப்புறங்களில் பல்லாண்டு உழைத்தும் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் நம்மவர்கள் இந்தக் கூடுதல் விலையைத்தான் கொடுத்தாக வேண்டும். அந்த விலையில் மோட்டாருக்கு மாதம் 16 வெள்ளி கூடும், காருக்கு 50 வெள்ளி கூடும். லைசென்சைப் புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சம்மனோடு நின்றுவிடாமல், உதவித்தொகை விலையும் கையை விட்டுப் போகும்.

இவ்வளவு பேசியும், கார் வைத்திருப்பவரை அழுத்துவது எண்ணெய்ச் செலவு அல்ல, கடன்தான். 40,000 வெள்ளிக் கடனை 3 விழுக்காடு நிலை வட்டியில் 9 ஆண்டுக்கு எடுத்தால், வட்டி மட்டும் 10,800 வெள்ளி. மாதத் தவணை 470 வெள்ளி. முதலாண்டுக் காப்புறுதியை ஆயிரம் வெள்ளி என்று வைத்தால் மாதத்துக்கு 83. கருப்பு எண்ணெய் என்னும் இயந்திர எண்ணெய், டயர், பிரேக்குக்கு 30 ஒதுக்கலாம். முன்பு பார்த்த எண்ணெய்ச் செலவோடு எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 745 வெள்ளி. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தபின் கையில் நிற்பது 1,513. அதில் ஏறக்குறைய பாதியைக் கார் தின்றுவிடுகிறது. மோட்டாரின் விலையை 5 ஆண்டுக்குப் பகிர்ந்து, மற்றச் செலவுகளையும் சேர்த்தால் மாதம் 200 வெள்ளியை ஒட்டித்தான் வரும். சாலை வரியோ 150 சிசி வரை ஆண்டுக்கு 2 வெள்ளிதான். 1.5 லிட்டர் மைவிக்கு 90 வெள்ளி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோலும் கிடையாது.

அந்தக் காலத் தோட்டத்தில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896-ல் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். அதற்குப் பின் பெருகிய தோட்டங்களில் வேலை லயத்து வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது, பிள்ளைகளுக்கு வேலை பத்து பெரெண்டாம் தடையற்ற வர்த்தக மண்டலத்திலும் பெகோவில் இருக்கும் ஹோண்டா கார் ஆலையிலும் அமைந்தது. குடியிருப்பு மட்டும் தோட்டத்துப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் விழுந்த அந்த 25 கிலோமீட்டருக்கு இன்று தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து செலவழிக்கிறார்.

காருக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே ஷிஃப்டுக்குப் போகும் நான்கு பேர் ஒரு காரில் ஏறினால், எண்ணெய்ச் செலவு தலைக்கு 40 வெள்ளிதான். மோட்டாரை விடக் குறைவு. தவணை உட்பட எல்லாவற்றையும் நால்வராகப் பங்கிட்டாலும் தலைக்கு 186 வெள்ளி, கிட்டத்தட்ட மோட்டாரின் செலவு. நண்பர்களோடு எண்ணெய்ச் செலவைப் பகிர்வது வேறு, கூலி வாங்கி ஆள் ஏற்றுவது வேறு. பின்னதற்கு முறையான உரிமம் வேண்டும்.

மோட்டார் வைத்திருப்பவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது சங்கிலியை. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் போய் வரும் வண்டியைக் குனிந்து பாருங்கள். சங்கிலியில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுத்த பசையாக அப்பியிருக்கும். அது மணலைப் பிடித்துவைத்துப் பல்சக்கரத்தை ராவிக்கொண்டே இருக்கும். பல் கூர்மையாகிச் சுறாத் துடுப்புப்போல் வளைந்துவிட்டால் சங்கிலியை மட்டும் மாற்றிப் பயனில்லை, முன்னும் பின்னும் உள்ள பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, புது எண்ணெய் விட்டு, தொய்வைச் சரிசெய்தால் அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம். கருப்பு எண்ணெயை 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். காப்சாய் கொள்வது ஒரு லிட்டருக்கும் குறைவுதான், அதனால் அது சீக்கிரம் கெடும்.

உங்கள் வண்டி உண்மையில் என்ன கொடுக்கிறது என்று தெரிய, தொட்டியை நிரப்பி, மீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். காப்சாய்த் தொட்டி சிறியது, கொஞ்சம் கூடக் குறைய ஊற்றினாலே விடை மாறிவிடும். அதனால் மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுப்பது நல்லது.

எந்த மாதக் கணக்கிலும் வராத செலவு ஒன்று மோட்டாருக்கு உண்டு. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள், அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் அதிகமானோர் மோட்டாரில் போனவர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து, தூக்கக் கலக்கத்தில், விளக்கில்லாத தோட்டத்துச் சாலையில் திரும்புகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான வழியில் நேரும் விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாதுகாப்பு உண்டு. அதற்கான சந்தாவை முதலாளி உங்கள் பெயரில் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் முடிவு இது. குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் தனியாக ஓட்டுவதற்காக 9 ஆண்டுக் கடனில் புதுக் கார் எடுக்க வேண்டாம். வேலைக்கு மோட்டார் போதும். குடும்பத்துக்கும் மழைக்கும் கார் தேவையென்றால், கையிருப்புப் பணத்தில் முடிகிற பழைய சாகாவோ வீவாவோ பாருங்கள். புதுக் கார்தான் வேண்டுமென்றால், முன்பணம் கட்டுமுன் மற்ற மூன்று இருக்கைகளில் நாள்தோறும் யார் உட்காரப்போகிறார்கள் என்று பேசி முடித்துவிடுங்கள். மோட்டாரில் போகிறவர்கள் சிரிம் தர முத்திரையுள்ள தலைக்கவசத்தை வாங்கி, வார்ப்பட்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.