பேனலைத் தூக்கும் காற்று

சோலார் போடலாம் என்ற பேச்சு வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது, "தளம் தாங்குமா?" என்றுதான். நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தளம் தாராளமாகத் தாங்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்கு வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பேனலும் இரும்புச் சட்டமும் சேர்ந்து அதில் சிறு பங்குதான்.

கேட்க வேண்டியது வேறு: புயல் நாளில் இந்தப் பேனலை மாடியோடு பிடித்து வைப்பது எது?

காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. 540 வாட் பேனல் ஒன்றின் எடை சுமார் 28 கிலோ. பரப்போ இரண்டரைச் சதுர மீட்டர். சாய்த்து வைத்த பேனலுக்கு அடியில் காற்று புகுந்தால், தூக்கும் விசை அதன் எடையைப் போலப் பல மடங்காகிவிடும். கோவைக்கும் மதுரைக்கும் விதி சொல்லும் வேகம் 39 மீட்டர். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அழுத்தம் கூடுவதால், சென்னையில் வருவதில் அங்கே 60 சதவீதம்தான் வரும். கோவையில் போட்ட அதே சட்டத்தைச் சென்னைக் கடற்கரையோரம் போடுவது ஆபத்து.

பேனலுக்கு அடியில் துணி காயப்போட இடம் வேண்டுமென்று எட்டடி உயரத்தில் ஜி.ஐ. பைப் நிறுத்துகிறோம். நியாயமான ஆசைதான். ஆனால் உயரம் கூடக்கூட, சட்டத்தைச் சாய்க்கப் பார்க்கும் காற்றின் பிடி கால்களில் கடுமையாகும். ஆங்கர் போல்ட் தட்டோட்டையும் அடியிலுள்ள சுண்ணாம்பு ஜல்லியையும் மட்டும் பற்றியிருந்தால் அது பிடிமானமே அல்ல. கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். இறங்கிய துளையை ஒழுங்காக அடைக்காவிட்டால் அடுத்த மழையில் கீழ் அறை ஒழுகும். கால்கள் முடிந்தவரை தூண், உத்தரங்களுக்கு நேர் மேலே வரட்டும். கைப்பிடிச்சுவரை ஒட்டி வேண்டாம், மாடி விளிம்பில்தான் காற்றின் இழுப்பு அதிகம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் தேக்கு உத்தரங்களின் மேல் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அந்த உத்தரங்களைக் கரையான் அரித்திருக்கிறதா என்று பொறியாளர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் அனுமதி தரும்போது யார் பார்க்கிறார்கள்? பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024-இல் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதே ஆண்டு, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. நல்ல திருத்தம். ஆனால் அந்த ஆய்வுமே மின் கட்டமைப்பைப் பற்றியதுதான், கூரையைப் பற்றியதல்ல.

கலிபோர்னியாவும் 2014-இல் சட்டம் இயற்றி, 10 கிலோவாட்டுக்கு உட்பட்ட வீட்டுச் சோலாருக்கு அனுமதியை விரைவாக்கியது. அதற்கான மாதிரிப் படிவங்களில் கூரைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. கூரை அதில் தேறினால் தனிக் கணக்கீடு வேண்டாம். தேறாவிட்டால் பொறியாளரின் கணக்கு வேண்டும். வேகமும் கெடவில்லை, கூரையும் விடுபடவில்லை. புயல் தவறாத நம் கடற்கரை மாவட்டங்களில் அப்படியொரு பட்டியலை விண்ணப்பத்தில் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, முன்பணம் கொடுக்கும் முன்பே இரும்புச் சட்டத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது என்ற எண்ணும், கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.