கரடி ஈரலும் மயிர்க்காலும்

1597ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி. வட துருவப் பகுதியிலுள்ள நோவாயா செம்ல்யா தீவு. கப்பல் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டதால் குளிர்காலம் முழுவதையும் மரக்குடிலில் கழித்த டச்சு மாலுமிகள், தாங்கள் கொன்ற துருவக்கரடியின் ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். ருசி பிடித்திருந்தது. பிறகு எல்லோரும் படுத்துவிட்டார்கள். மூன்று பேர் பிழைப்பதே சந்தேகம் என்றாகி, எப்படியோ பிழைத்தார்கள். ஆனால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது. கூட இருந்த கெரிட் டி வீர் இதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சட்டியில் மிச்சமிருந்ததைத் தலைவர் வீசி எறிந்ததையும் சேர்த்துத்தான்.

கரடி ஈரலின் நஞ்சு எதுவென்று 1943இல்தான் தெளிவானது: வைட்டமின் ஏ. மீனைத் தின்ற சீல் விலங்கைத் தின்ற கரடியின் ஈரலில் அது அளவுக்கு மீறிச் சேர்ந்துகிடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே வைட்டமின் குறைந்தாலும் தோல் கெடும். வறண்டுபோய், மயிர்க்கால்கள் முள்முள்ளாகத் துருத்திக்கொண்டு தேரையின் முதுகுபோல் ஆகும். முடிக்கும் அதே கதி. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் உதிர்வு. உரம் போட்டால் பயிர் செழிக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏனென்றால் செல்களுக்கு இது தீனியாகப் போவதில்லை, உத்தரவாகப் போகிறது.

உத்தரவைக் கொண்டுபோவது ரெட்டினாயிக் அமிலம். உடம்பு வைட்டமின் ஏவை இரண்டு படிகளில் மாற்றி இதைச் செய்துகொள்கிறது. இந்தச் சிறு மூலக்கூறு செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய், டிஎன்ஏமீது உட்கார்ந்திருக்கும் ஓர் ஏற்பியில் சாவிபோல் பொருந்துகிறது. உடனே சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன. அந்த ஏற்பியை 1987இல் பிரான்சில் பியர் ஷாம்போனின் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸின் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன.

உத்தரவு எவ்வளவு வலுவானது என்பதற்குப் புவனேஸ்வரத்துத் தலைப்பிரட்டைகளே சாட்சி. உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடியும் சகாக்களும் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன! 1992இல் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. கோழிக் கருவிலோ, ரெட்டினாயிக் அமிலம் பட்டதும் காலின் செதில்களில் இறகு முளைத்தது. ‘நீ யார், எங்கே இருக்கிறாய்’ என்பதையே செல் மறந்து, வேறொன்றாக மாறிவிடுகிறது. முகப்பருவுக்குத் தரும், ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவமான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது என்று மருத்துவர்கள் அத்தனை கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான். வயிற்றிலுள்ள கருவும் உறுப்புகளை இடமறிந்து வைக்க இதே உத்தரவைத்தான் நம்பியிருக்கிறது.

தோலில் ரெட்டினாயிக் அமிலத்தைக் களிம்பாகப் பிரபலப்படுத்தியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். சிறைக்கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்திய அவப்பெயரும் அவருக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. ட்ரெட்டினாயின் என்ற பெயரில் 1971இல் அது முகப்பரு மருந்தானது. மேல்தோல் செல்களை விரைவாகப் புதுப்பித்து, துளைகளை அடைக்கும் இறந்த செல்களை உதிர்த்துவிடும். நடுவயதுப் பெண்கள் சிலர், பரு போனதோடு சுருக்கமும் குறைந்திருக்கிறதே என்றார்கள். வெயில் கரைக்கும் கொலாஜனை அது காக்கிறது, புதிதாகவும் உண்டாக்கச் சொல்கிறது. முதல் சில வாரங்கள் முகம் சிவந்து தோலுரியும். நோவாயா செம்ல்யாவின் சிறு பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

முடி வளருமா, உதிருமா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆமாம்தான். ஒவ்வொரு மயிர்க்காலும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்கள் சுருங்கி, சில மாதங்கள் ஓய்ந்து மறுபடி எழும். ஆய்வகத் தட்டில் வளர்த்த மனித மயிர்க்கால்மீது ரெட்டினாயிக் அமிலத்தை விட்டால், வளர்ந்துகொண்டிருப்பது காலத்துக்கு முன்பே சுருங்கத் தொடங்குகிறது. ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும் சிலருக்கு முடி கொட்டுகிறது. ஆனால் வழுக்கைக்குப் பூசும் மினாக்ஸிடிலோடு சேரும்போது கதை மாறுகிறது. மினாக்ஸிடில் தானாக வேலை செய்யாது. மயிர்க்காலிலுள்ள ஒரு நொதி அதில் சல்பேட்டை ஏற்றித் தந்தால்தான் மருந்தாகும். அந்த நொதி குறைவாக உள்ளவர்கள் மாதக்கணக்கில் பூசியும் பலனில்லை என்று சலித்துக்கொள்வார்கள். ட்ரெட்டினாயின் அந்த நொதியைக் கூட்டுகிறது.

2024இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலேன் ஃபூக்ஸின் குழு எலிகளில் கண்டது இன்னும் வியப்பு. தோலில் காயம் பட்டால், முடியை வளர்த்துக்கொண்டிருந்த ஸ்டெம் செல்கள் மயிர்க்காலை விட்டுக் காயத்தை மூட ஓடுகின்றன. வழியில் அவை பாதி முடி, பாதி தோல், இரண்டுங்கெட்டான். எந்தப் பக்கம் சாய்வது என்பதை ரெட்டினாயிக் அமிலத்தின் அளவே தீர்க்கிறது. மயிர்க்காலும் அதற்காக வெளியே கையேந்துவதில்லை. தன் இடத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. நாள்பட்டும் ஆறாத புண்களில் செல்கள் அந்த இரண்டுங்கெட்டான் நிலையிலேயே நின்றுபோகின்றன.