கிடைத்ததா, வாங்கியதா, பட்டதா?
‘கெட்’ என்னும் ஆங்கில வினையும் இந்தோனேஷிய மொழியும்

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் முதன்முதலில் பழகிக்கொள்ளும் வினைச்சொற்களுள் ‘கெட்’ என்பதும் ஒன்று. மூன்றே எழுத்துச் சொல். ஆனால் அகராதியில் அது பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தால் மலைப்புத் தட்டும். கடிதம் கிடைப்பதும் கெட். கடையில் பாண் வாங்குவதும் கெட். பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும் கெட். கோபம் வருவதும், மழையில் நனைவதும், வீடு போய்ச் சேர்வதும், சொன்னது விளங்குவதும் கெட்தான். இச்சொல்லை இந்தோனேஷிய மொழி எவ்வாறு சமாளிக்கிறது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தோனேஷிய மொழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நமது துறைமுகத்துக்குக் கிழக்கே கடல் கடந்தால் சுமாத்திரா. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் போர்வீரரும் நாடுகடத்தப்பட்டோரும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1795இல் திருகோணமலை ஆங்கிலேயர் வசமானது. மலாயர் ஆங்கிலேயரின் படையிலும் சேவை செய்தனர். அப்படை 1873இல் கலைக்கப்பட்டது. இதற்கிடையில், 1869இல், கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையையே வெளியிட்டார். 1928 ஒக்டோபர் 28ஆம் நாள் இளைஞர் மாநாட்டு உறுதிமொழியில் ‘இந்தோனேஷிய மொழி’ என்று பெயர் சூட்டப்பட்டதும் மலாய் மொழியின் ஒரு கிளைதான். நமது கப்பல், கடை, பெட்டி என்பன அங்கே கபல், கெடை, பெத்தி என வழங்குகின்றன. பதிலுக்குச் சம்பலையும் தொதலையும் நாம் பெற்றுக்கொண்டோம். நட்டமில்லை!

இனி ‘கெட்’டுக்கு வருவோம். பஸ்ஸில் ஏறினால் ‘நாயிக்’, இறங்கினால் ‘துருன்’. போய்ச் சேர்ந்தால் ‘சம்பாய்’. ஒன்று இன்னொன்றாக மாறினால் ‘மென்ஜாடி’, அதாவது நமது ‘ஆகு’. விளங்கிக்கொண்டால் ‘மெங்எர்தி’, இதனுள்ளே நாமும் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘அர்த்தம்’ ஒளிந்திருக்கிறது. இவையெல்லாம் இலகுவானவை. தமிழும் இவ்வாறே வெவ்வேறு சொற்களைக் கையாளுவதால் நமக்குச் சிரமமில்லை.

சுவையான சொல் ‘கெனா’. மழையில் அகப்பட்டால் ‘கெனா ஹுஜான்’. ஏச்சு வாங்கினால் ‘கெனா மாரா’. குற்றப்பணம் கட்ட நேர்ந்தால் ‘கெனா டெண்டா’. இந்த டெண்டா நமது தண்டமேதான். ஆங்கிலம் இவ்விடங்களிலெல்லாம் ‘கெட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ‘கெனா’வின் அடிப்படைப் பொருள் தொடுதல், மேலே வந்து படுதல் என்பது. இதற்கு நேரான தமிழ் எது? ‘படு’ என்பதே. கை பட்டது என்றால் தொட்டது; அடிபட்டான் என்றால் துன்புற்றான். தொடுகையும் துன்பமும் ஒரே சொல்லில் இணைந்திருப்பது இரு மொழிகளுக்கும் பொது. ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. அதனாலேயே இவ்வொற்றுமை எனக்கு வியப்பளிக்கிறது.

மொழிபெயர்ப்பாளனுக்கு உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. ‘அந்தக் குடும்பம் வீடொன்றை கெட் செய்தது’ என்ற கருத்தில் ஓர் ஆங்கில வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு கிடைத்ததா? வாங்கினார்களா? வழக்காடிப் பெற்றார்களா? ஆங்கிலத்தில் எழுதியவர் இவற்றுள் எதையும் சொல்லாமலே தப்பிவிடலாம். நாம் தப்ப முடியாது. இந்தோனேஷியரும் முயன்று பெற்றதற்கு ‘மெம்பெரோலே’, விலைக்கு வாங்கியதற்கு ‘மெம்பெலி’, பொதுவாகக் கிடைத்ததற்கு ‘மெண்டபத்’ என்று தெரிந்தெடுக்க வேண்டியவரே. சிங்களமும் அப்படித்தான்: ‘லெபுணா’ என்றால் தானாகக் கிடைத்தது, ‘கத்தா’ என்றால் எடுத்துக்கொண்டது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னரோ, போரினால் இடம்பெயர்ந்து மீண்ட பின்னரோ வீடு பெற்ற ஒருவரைப் பற்றி எழுதும்போது, ‘கிடைத்தது’ என்ற சொல் அவரது அலைச்சலையெல்லாம் துடைத்துவிடும். ‘பெற்றார்’ என்றால் அது ஓரளவேனும் நிற்கும். அகராதியைப் புரட்டி இதனைத் தீர்க்க இயலாது. நடந்தது என்னவென்று விசாரித்தறிந்தே எழுத வேண்டும்.

‘மெண்டபத்’தின் வேர் ‘டபத்’. ‘எனக்குக் கடிதம் கிடைத்தது’ என்பதை இந்தோனேஷியர் ‘சாயா மெண்டபத் சுராத்’ என்பர். இங்கே ‘சாயா’ என்பது ‘நான்’, எழுவாய் மனிதன்தான். ஆனால் இலங்கை மலாயரின் பேச்சில், கிடைத்தவர் ‘செடங்’ என்று, அதாவது ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தமிழோடும் சிங்களத்தோடும் தலைமுறை தலைமுறையாகப் பழகியதால் சொல் மலாயாகவே இருக்க, வாக்கியத்தின் கட்டு நம்முடையதாகிவிட்டது. இரவல் வாங்கிய சொற்களை எண்ணுவோர் பலர். இத்தகைய இரவலைக் கண்டுகொள்வோர் சிலரே.

‘டபத்’துக்கு இன்னொரு பணியும் உண்டு. வினைக்கு முன்னே நின்றால் ‘இயலும்’ என்று பொருள்படும்: ‘டபத் மெம்பாச்சா’ என்றால் வாசிக்க முடியும். கிடைத்தல் எப்படி இயலுதலாக மாறும் என்று திகைக்க வேண்டாம். ‘அவரை நேரில் பார்க்கக் கிடைத்தது’ என்று நாமும் அன்றாடம் சொல்கிறோமே! தமிழகத்தார் சிலருக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஜக்கார்த்தாவிலிருந்து வரும் ஒருவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிராது.