மணிக்கு வைத்த சோறு

எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டு கிடக்கும். விளிம்பு நசுங்கி, நடுவில் கறுத்துப்போன தட்டு. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு அப்பத்தா சோற்றுப் பானையின் அடியை வழிப்பாள். குழம்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் சோற்றில் விட்டுப் பிசைந்து தட்டில் போடுவாள். தட்டுச் சத்தம் கேட்டதுமே எங்கள் நாய் மணி ஓடிவந்து நக்கித் தீர்த்துவிடும். 1970களின் கடைசியில் ராஜபாளையத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் நாய்க்குச் சாப்பாடு என்றால் அவ்வளவுதான். மிஞ்சினால் உண்டு. மிஞ்சாத நாளில் மணி தெருவைப் பார்த்துப் போய்விடும்.

வேட்டை நாய் வளர்த்தவர்கள் மட்டும் நாய்க்கென்று தனியாக அடுப்பு மூட்டினார்கள். சிப்பிப்பாறை, கன்னி ஜாதி நாய்களுக்குக் கம்பங்கூழோ கேப்பைக்கூழோ காய்ச்சி, ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்து ஊற்றுவார்கள். கூழ் குடித்து நாய் எப்படி முயல் பிடிக்கும் என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியம். அதற்கு விடை 2013-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வில் கிடைத்தது. ஓநாயோடு ஒப்பிட்டால் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுப் பிரதிகள் நாயிடம் பல மடங்கு கூடுதலாக இருக்கின்றன. மனிதன் பயிர் செய்த தானியத்தைத் தின்று தின்று நாயின் உடம்பே அதற்குப் பழகிவிட்டது. கூழ் ஊற்றியவர்கள் ஒன்றும் தவறு செய்யவில்லை.

தவறு நடந்தது ஆசையாக வளர்த்த வீடுகளில்தான். 1980களில் எங்கள் தெருவுக்கு முதல் அல்சேஷன் குட்டி வந்தது. உசத்தி ஜாதி நாய், சோறு போட்டால் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கறிக்கடையிலிருந்து எலும்பில்லாத கறியாக வாங்கி வேகவைத்துப் போட்டார் வீட்டுக்காரர். மூன்றே மாதத்தில் குட்டியின் முன்னங்கால்கள் வில்லாக வளைந்தன. தொட்டாலே கத்தும். ஊரே பார்த்துக் கண்ணு வைத்துவிட்டது என்று சுத்திப் போட்டார்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, சுண்ணாம்பு சற்றுக் கூடுதலாகவே வேண்டும். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். எங்கள் மணிக்கு மீன் தலையும் எலும்பும் கிடைத்தன. அதன் கால் நேராக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அப்போது கால்நடை மருந்தகத்தில் நாயின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு வந்தது. அந்தக் காலத்து மருத்துவருக்கு மாடும் குதிரையும்தான் முதல் வேலை. ஊர் மருந்தகத்தில் நாய் என்றால் வெறிநாய்க்கடி ஊசி, சொறி மருந்து, அத்தோடு சரி. இன்று அதே வேப்பேரியில் காலையில் போய்ப் பாருங்கள். நாயைக் கையிலும் பூனையைக் கூடையிலும் வைத்துக்கொண்டு சனம் வரிசையில் நிற்கிறது. உள்ளே போனதும் எடை பார்க்கிறார்கள், விலாவைத் தடவிப் பார்க்கிறார்கள், அடுத்து, “என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?” என்று கேட்கிறார்கள். காய்ச்சல், நாடி, மூச்சு, வலி ஆகிய நான்கோடு உணவையும் ஐந்தாவதாகப் பார்க்க வேண்டும் என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டு பத்தாண்டுக்கு மேல் ஆகிறது.

பூனை விஷயத்தில்தான் நாம் அதிகம் அறியாமல் இருந்தோம். பாலும் தயிர்சாதமும் போட்டால் பூனை பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினோம். அது பிழைத்தது எலியாலும் பல்லியாலும்தான். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் அது வரவேண்டும். கேரட்டில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றவும் பூனைக்குத் தெரியாது. டாரின் குறைந்தால் கண்பார்வை போகும், இதயம் பலூன் மாதிரி வீங்கித் தளரும். இதில் பாக்கெட் உணவுக்காரர்களும் தவறியவர்கள்தான். 1987-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பால் பியானும் அவர் குழுவும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியபோது, கடையில் விற்ற பூனை உணவைத் தின்ற பூனைகளுக்கே இந்த இதய நோய் வந்திருந்தது. டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அதன்பிறகே உணவில் அதைக் கூட்டினார்கள். சைவ வீட்டு நாயைச் சரியான யோசனையோடு வளர்த்துவிடலாம். பூனைக்கு அது ஆகாது. பூனை வளர்க்க ஆசைப்படும் சைவக் குடும்பங்கள் இதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு குட்டியைக் கொண்டுவருவது நல்லது.

ஆஸ்பத்திரிக்குள் நடந்திருக்கும் மாற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பார்வோ வைரஸ் தொற்றி ரத்தமாகக் கழியும் குட்டிக்கு அன்று சொன்ன வைத்தியம், வாந்தி நிற்கும்வரை வயிற்றைக் காயப்போடு என்பது. தண்ணீர்கூடக் கூடாது. குட்டி பசியிலேயே துவண்டுபோகும். 2003-ல் வந்த ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. முப்பது நாய்களில் ஒரு பாதிக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்தார்கள். பட்டினி போட்டவற்றைவிட அவை சீக்கிரம் தேறின, எடையும் கூடின. குடலின் உள்சுவர் பெருமளவு வாழ்வதே அதன் வழியாகப் போகும் உணவால்தான்.

போன வருடம் என் தங்கை வீட்டுப் பூனை மூன்று நாள் எதையும் தொடவில்லை. காது மடலின் உள்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து குவிந்துவிடும். அதற்கு மருந்தே சாப்பாடுதான். மருத்துவர் மயக்கம் கொடுத்து, கழுத்தோரம் சின்னதாகக் கீறி, உணவுக்குழாயில் ஒரு மெல்லிய குழாயை வைத்துத் தைத்தார். அரைத்துக் கரைத்த உணவைச் சிரிஞ்சில் எடுத்து, வெதுவெதுப்பாக, பத்து நிமிடம் எடுத்து ஏற்ற வேண்டும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். முதல் நாள் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் படிப்படியாக. ஐந்து வாரம் தங்கை அலாரம் வைத்து எழுந்து ஊட்டினாள். ஒருநாள் காலை பூனை தானாக நெத்திலிக் கருவாட்டை முகர்ந்து தின்றதைப் போனில் சொல்லி அழுதாள்.

இன்றைய நோய் பட்டினி அல்ல, கொழுப்பு. அபார்ட்மெண்டில் வளரும் லாப்ரடார் நாள் முழுக்கப் படுத்திருக்கிறது. குடும்பத்தில் ஆளாளுக்கு ஒரு பிஸ்கட் போடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். பத்துக் கிலோ நாய்க்கு ஓய்வில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி, நடந்து திரிந்தால் 600 சொச்சம் போதும். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. பத்து பிஸ்கட் போனால் நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே முடிந்தது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகவே வந்தது. கால்சியம் டானிக் விஷயமும் இப்படித்தான். அன்று கால் வளைந்தது சுண்ணாம்பு இல்லாமல். இன்று முழுமையான பாக்கெட் உணவு தின்னும் பெரிய ஜாதிக் குட்டிக்கு மேற்கொண்டு டானிக்கும் ஊற்றுகிறார்கள். கூடுதலாக வந்ததை வேண்டாமென்று தள்ள அந்தக் குட்டியின் குடலால் முடியாது. எலும்பு கோணலாக வளர்கிறது.

பாக்கெட் வாங்க வசதியில்லையே என்று வருந்த வேண்டாம். சோறும் முட்டையும் ஈரலும் மீனும் வைத்து முழுச் சத்துள்ள சாப்பாடு செய்யலாம். ஆனால் அளவை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஈரலையே தினமும் போட்டால் பூனையின் கழுத்தெலும்பு ஒட்டிப்போகும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதையும் தட்டில் சேர்க்காதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம் உங்கள் நாய் என்னென்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று எழுதி எடுத்துப் போங்கள். பிள்ளைகள் மறைத்துப் போட்ட பிஸ்கட்டையும் சேர்த்து எழுதுங்கள். பூனை ஒரு முழு நாள் சாப்பிடவில்லை என்றால் மறுநாள்வரை பொறுக்காமல் கூடையை எடுங்கள்.