கோர்ஸ் இலவசம்... தூக்கம்?

ஒரகடம் கூட்ரோட்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நாலு பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். ஏறுகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில். இறங்குகிறவர்களும் தூக்கக் கலக்கத்தில்! முதல் கோஷ்டி பகல் ஷிஃப்ட், இரண்டாவது கோஷ்டி இரவு ஷிஃப்ட். அவ்வளவுதான் வித்தியாசம்.

2010-ல் ரெனோ-நிஸான் கார், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக இங்கே ஆலை திறந்தார்கள். துறைமுகம் பக்கம், ரோடு வசதி, நிலம்... எல்லாவற்றுக்கும் மேலாக, ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்துவிட்டு, கொடுக்கிற சம்பளத்துக்குத் தயாராக நின்ற பையன்கள்.

அந்தக் கடைசி அயிட்டத்துக்குத்தான் இப்போது போட்டி வந்திருக்கிறது!

டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர். கையில் டீ, மறு கையில் செல்போன். போனில் ஓடிக்கொண்டிருந்தது ஐ.ஐ.டி. புரொபசரின் 'மெஷின் லேர்னிங்' பாடம்!

"எதுக்குத் தம்பி இது?"

"பார்ட்ஸ்ல கீறல் இருக்கான்னு பார்க்கறதுதான் சார் என் வேலை. பக்கத்து லைன்ல கேமரா வெச்சுட்டாங்க. அதுவே பார்த்து, அதுவே ஒதுக்கிடுது. அதுக்குக் கண்ணும் எரியாது, லீவும் கேட்காது. அதான், அந்த கேமராவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வித்தையைக் கத்துக்கலாம்னு..."

டீ மாஸ்டர் குறுக்கிட்டார்: "கம்ப்யூட்டர் வந்தப்பவும் இப்படித்தான் பேங்க்காரங்க கொடி பிடிச்சாங்க. பேங்க்கை மூடிட்டாங்களா என்ன?"

"பேங்க் இருக்குண்ணே. லெட்ஜர் எழுதின கிளார்க் எங்கே?"

மாஸ்டர் டீ ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார்.

"பாடம் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றேன்.

"மூணாவது வாரத்துலயே நிக்குது சார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அசைன்மென்ட் தேதிக்கு நம்ம ஷிஃப்ட் தெரியுமா?"

விஷயம் இவர் ஒருவரோடு முடிவதில்லை. ஐ.எம்.எஃப். 2024-ல் ஒரு கணக்குச் சொன்னது: உலக வேலைகளில் சுமார் 40 சதவிகிதத்தை ஏ.ஐ. தொடும். பணக்கார நாடுகளில் 60; ஏழை நாடுகளில் 26. 'அப்பாடா' என்று உட்கார முடியாது. பாதிப்பு குறைவு என்றால், அதை வைத்துப் பிழைக்கும் வசதியும் குறைவு. வயலிலிருந்து ஆலைக்கு ஏறித்தான் பல நாடுகள் முன்னேறின. இப்போது ஏறும் நாடுகளுக்கு அந்த ஏணி குட்டையாகிக்கொண்டே வருகிறது என்று பொருளாதார நிபுணர் டானி ராட்ரிக் ஏ.ஐ. அலைக்கு முன்பே எச்சரித்துவிட்டார்.

படிக்க வழியே இல்லையா? தாராளமாக இருக்கிறது. மத்திய அரசு பணத்தில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். 2003-ல் ஆரம்பித்தது. 2017-ல் 'ஸ்வயம்' வந்தது. படிக்கக் காசு வேண்டாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு 2022-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால், ஆன்லைனில் சேருவது சுலபம், கரையேறுவது? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய வகுப்புகளை அலசி, 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது: 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100-க்கு சுமார் 3 பேர்!

சிங்கப்பூரில் ஓர் ஏற்பாடு உண்டு. தொழிலாளியைப் பயிற்சிக்கு அனுப்பினால், அந்த நேரத்துச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே கம்பெனிக்குக் கொடுக்கும். அதாவது, பாடத்துக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும் பணம்.

நம் ஊரில் புரொபசர் ரெடி, பாடம் ரெடி, செல்போன் ரெடி. பாக்கி, வாரத்துக்கு ஒரு நாலு மணி நேரம். கேமரா வாங்குகிற கம்பெனிக்கு, அதைப் பழக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்தானே? வெளியூரில் போய்த் தேட வேண்டாம். எது கீறல், எது தூசு என்று தெரிந்தவர் அதே லைனில்தான் நிற்கிறார்... கொட்டாவி விட்டபடி!