நிறுத்தக் கற்றவரே சாரதி

யாழ்ப்பாணத்து வெங்காயமும் புகையிலையும் தெற்கே செல்வதும், அரிசியும் மரக்கறியும் வடக்கே வருவதும் லொறிச் சாரதிகளின் உழைப்பினாலேயாகும். 2006 ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அவ்வுழைப்பின் அருமையைக் குடாநாட்டு இல்லங்கள் யாவும் உணர்ந்தன. இத்தொழிலை நாடும் இளைஞர் அறிய வேண்டியவை சில உள.

இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் பெறப் பதினெட்டு வயது போதும். பாரவூர்திக்கோ 21 வயது நிரம்ப வேண்டும். இலகுரகப் பத்திரம் பெற்று ஈராண்டுகள் கழிந்திருக்கவும் வேண்டும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை ஆகியனவும் உண்டு.

“இத்தனை தடைகள் எதற்கு?” என்று பெற்றோர் சிலர் வினவுவர். மாணவர் கற்கும் பௌதிகவியலிலேயே விடை இருக்கின்றது. வேகம் இரு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். பிறேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் ஏறத்தாழ அவ்வளவாக நீளும். பாரம் ஏற்றிய லொறியை ஓட்டுவதினும் நிறுத்துவதே அரிது.

குடாநாடு சமதரை. இங்கே பழகியவரின் கல்வி, பாரத்துடன் நுவரெலியாச் சரிவில் இறங்கும்போதே சோதிக்கப்படும். இடைவிடாது மிதித்தால் பிறேக் சூடேறி வலுவிழக்கும். ஆதலால் சரிவு தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினே வண்டியின் வேகத்தை அடக்கும்படி செய்தல் வேண்டும். காற்றழுத்தப் பிறேக் உள்ள வண்டியாயின், அழுத்தமானி உரிய அளவைக் காட்டும்வரை புறப்படலாகாது.

பெற்றோர்களே! பத்திரத்தை விரைந்து பெறக் குறுக்கு வழி தேடாதீர்கள். காத்திருக்கும் அவ்விரண்டு ஆண்டுகள் வீணல்ல. வீதியோரம் பள்ளி செல்லும் குழந்தைகளுக்கு அவையே காவல்.